டீ பிடிக்காத பெண்கள்

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். என்னைப் போய்க் கேட்டதிலிருந்தே உங்களுக்கு இந்தத் தொழிலில் இன்னும் அனுபவம் போதாது என்று தெரிகிறது. எப்படிக் கவனிக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. எப்படிக் கவனிக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கரை கண்டவன். அதையே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தால் பரவாயில்லை. அதே தப்பைச் செய்துவிட்டு என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். இன்றைக்கு நீங்கள் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து இறங்குகிற ஒரகடத்தில், அன்று பஸ் நின்றால் ஒரு ஆள் இறங்குவார், நாலு ஆடு குறுக்கே போகும், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பென்னலூரில் எங்கள் ஷெட். திருநெல்வேலிப் பக்கமிருந்து லாரியில் வரும் நிலாவாரையைச் சுத்தம் செய்து, வெட்டி, சலித்து, மூட்டை கட்டி மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. நிலாவாரை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயிறு கட்டிக்கொண்டால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கொதிக்கவைத்துக் குடிப்பார்களே, அந்தச் செடிதான். ராத்திரி குடித்தால் காலையில் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கும். இந்த ஷெட்டில் அப்படி வேலை செய்வது அது ஒன்றுதான் என்று முதலாளி அடிக்கடி சொல்வார். சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார். நான் அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர்.

லைனில் வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். பென்னலூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் விவசாயக் குடும்பத்துப் பெண்கள். களை எடுப்பும் நடவும் இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை என்று இருந்தவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று முதல்முறையாக வந்தது எங்கள் ஷெட்டில்தான். அவர்களுக்குத் தலைமை மாதிரி இருந்தவள் கோமளா. கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். முதலாளியானாலும் மேனேஜரானாலும் நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நல்லவேளையாக முதலாளி வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அதனால் பெரும்பாலும் என் முகம்தான் அகப்படும்.

இந்தப் பெண்களைப் பற்றி நான் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. இவர்களுக்கு டீ பிடிக்காது. காலையிலும் சாயந்திரமும் ரோட்டோரக் கடையிலிருந்து டீ கேன் வரும். ஆண்கள் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடிப்பார்கள். பெண்கள் பக்கம் போன டீ அப்படியே திரும்பி வரும். கிராமத்துப் பெண்கள், காபி டீ பழக்கம் இல்லாதவர்கள், கட்டுசெட்டானவர்கள் என்று நானே முடிவு செய்து முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய் பெண்கள் பக்கத்து டீயை நிறுத்திவிட்டார். கூர்மையாகக் கவனிக்கிற மேனேஜர் என்று எனக்குப் பேர் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்த வருஷம் ஷெட் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஜப்பானில் ஒரு கம்பெனி உடம்பு இளைக்கிற மூலிகை டீ போட நினைத்தது. இளம் பெண்கள்தான் அதை வாங்குவார்களாம். நிலாவாரை எங்களிடம் எடுக்கலாமா என்று பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது, தெரிந்த காரணம் நல்லதல்ல. அவர்கள் வருகையை இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"ஜப்பான் ஆர்டர் வந்தா லைனை நடத்தலாம். வரலேன்னா தீபாவளியோட மூடிட்டு ஷெட்டை குடோனுக்கு வாடகைக்கு விட்டுடறேன். பொண்ணுங்ககிட்ட இப்பவே சொல்லி வைக்காதீங்க. ஆனா உங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்."

அதாவது என் வேலையும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஆனால் எனக்காவது மெட்ராஸில் வேறு இடம் தேட ஒரு டிகிரி இருந்தது. கோமளாவுக்கும் மற்றவர்களுக்கும் பழையபடி களை எடுப்புதான்.

பாரிமுனையில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் இருந்தார். இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அவர் போட்ட பிச்சை. அவரிடம் யோசனை கேட்கப் போனேன். கோப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "அவங்க வாய் வேணாம்னு சொல்லாது. மூஞ்சியைப் பாருங்க. ரொம்பச் சிரிச்சாங்கன்னா விஷயம் மோசம்னு அர்த்தம்." நான் பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன். பஸ் பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் அதில் பாதி மறந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்பது மட்டும் நினைவில் நின்றது. எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் ஏற்பாடுகள் தொடங்கின. ஜப்பான்காரர்கள் டீயைச் சாமி மாதிரி கும்பிடுவார்கள், முழங்காலிட்டுத்தான் குடிப்பார்கள் என்று எங்கேயோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். ஆபீசிலிருந்த நாற்காலிகளை வெளியேற்றிவிட்டு காஞ்சிபுரத்திலிருந்து கோரைப்பாய் வாங்கி வந்து விரித்தேன். சாம்பிள் பெட்டி ஒன்றையும் நானே யோசித்து அச்சடித்தேன். மேலே பெரிய எழுத்தில் மலச்சிக்கல் என்று இங்கிலீஷில் போட்டு, நடுவில் குடலின் படம். சரக்கு எதற்கு என்று வாங்குகிறவர்களுக்கு ஐயம் திரிபறத் தெரிய வேண்டும் அல்லவா.

இன்னொன்று. அவர்கள் தண்டு மட்டும் போதும், இலை கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மருந்து இலையில் இருக்கிறது. தண்டை நாங்கள் வாட்ச்மேனுக்கு வெந்நீர் அடுப்பில் எரிக்கக் கொடுப்போம். பாவம், விவரம் தெரியாமல் கேட்கிறார்கள் என்று இரக்கப்பட்டேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் குச்சியையா கொதிக்கவைத்துக் கொடுப்பது? முதல் தரமான இலையாகப் பொறுக்கி, கை நிறைய அள்ளிப் போட்டு, பாத்திரம் கறுக்கக் காய்ச்சச் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஐம்பது வயதுள்ள செக்‌ஷன் தலைவர் ஒருவர். அவரோடு சயோகோ என்று ஒரு இளம் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். இந்த டீயை வாங்கப் போகிற வயசு என்பதால் அவளைக் கூட்டி வந்திருந்தார். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வந்தது. ஆனால் தலைவர் இருக்கும்போது பேச மாட்டாள், சிரிப்பாள்.

பாயைப் பார்த்ததும் தலைவரின் முகம் சுருங்கியது. அவருக்கு முழங்கால் வலி. நான் வெளியேற்றிய நாற்காலிகளில் ஒன்றை ஓடிப்போய் எடுத்து வந்தோம். அவர் நாற்காலியிலும் நாங்கள் எல்லாம் கீழேயும் உட்கார்ந்ததில், பார்க்கிறவர்களுக்கு ஏதோ பஞ்சாயத்து மாதிரி இருந்திருக்கும். அடுத்து நான் எழுந்து, டீயின் தேசத்திலிருந்து வந்தவர் நீங்கள், உங்கள் கையால் ஊற்றினால்தான் எங்களுக்குப் பெருமை என்று சயோகோவிடம் கெட்டிலை நீட்டினேன். அவள் சிரித்தாள். எழுந்து, தலைவருக்கு முதலில், முதலாளிக்கு அடுத்து, கடைசியில் எனக்கு என்று தலைகுனிந்து ஊற்றினாள். பார்த்தீர்களா பண்பாட்டை என்று முதலாளியின் காதில் சொன்னேன்.

தலைவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பெரியவர், வைக்கலாம். சயோகோ மரியாதைக்காக முழுவதும் குடித்தாள். நம் ஊரில் விருந்தாளியின் டம்ளர் காலியாக இருந்தால் அது வீட்டுக்கு அவமானம் இல்லையா? உடனே ஊற்றினேன். ஊற்றியதை மிச்சம் வைத்தால் எனக்கு அவமானம் என்று அவள் நினைத்தாள் போலிருக்கிறது, அதையும் குடித்தாள். நம் ஆட்களாக இருந்தால் போதும் போதும் என்று டம்ளரைக் கையால் மூடுவார்கள், நாம் கையை விலக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், அங்கே முடியும். அவள் கையால் மூடவே இல்லை. அவள் குடிக்கக் குடிக்க நான் ஊற்ற, நான் ஊற்ற ஊற்ற அவள் குடிக்க, அந்தக் கெட்டில் முக்கால்வாசி அவள் வயிற்றுக்குப் போயிற்று. ஒவ்வொரு கோப்பைக்கும் அவள் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. பாரிமுனை ஏஜென்ட் அங்கே இருந்திருந்தால் என் தலையில் குட்டியிருப்பார்.

கார் கிளம்பியதும் முதலாளி என் தோளில் தட்டினார். "அந்தப் பொண்ணுக்கு நம்ம சரக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சுய்யா."

மறுநாள் காலை மெட்ராஸ் ஓட்டலிலிருந்து அவர்கள் திரும்பி வந்தபோது, சயோகோவின் முகத்தில் ரத்தமே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கினாள். பயணக் களைப்பு என்று நினைத்தேன். நிலாவாரை மூட்டைகளுக்கு நடுவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

விருந்தாளிகளுக்காக ஆபீஸ் கக்கூஸை நான் பளிச்சென்று ஆக்கி வைத்திருந்தேன். புது சோப்பு, புது டவல், வாசலில் பினாயில் மணம். நம் ஆட்கள் யாரும் போய் அசிங்கம் செய்துவிடக் கூடாது என்று வாட்ச்மேனைச் சீருடையோடு கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விருந்தாளி வந்தால் சல்யூட் அடிக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கக்கூஸுக்கும் தலைவரும் முதலாளியும் உட்கார்ந்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அது கூரை வரைக்கும் போகாது. சயோகோ இரண்டு முறை அந்தப் பக்கம் போனாள். இரண்டு முறையும் வாட்ச்மேன் விறைப்பாக சல்யூட் அடித்தார். இரண்டு முறையும் அவள் குனிந்து பதில் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு ஆளைக் காணோம். லைனைப் பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஷெட்டிலிருந்து கடகடவென்று பெரிய சத்தம். சல்லடை மெஷின். சரக்கோடு ஓடினால் அது ஒரு மாதிரி சத்தம், காலியாக ஓடினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரி. இது காலியாக ஓடுகிறது. காலியாக ஓடினால் வலை அறுந்துபோகும். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். நான் எழுந்து ஓடினேன்.

சுவிட்ச் போர்டுக்கு முன்னால் கோமளா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"மெஷினை வெறுமனே யாரு போட்டது?"

"நான்தான் சார். அந்த ஜப்பான் பொண்ணு பின்னாடி உள்ள கீது. வயித்தைப் புடிச்சினு மூட்டை சந்துல நின்னுகினு இருந்துச்சு, நான்தான் இட்டுகினு போனேன். சத்தம் வெளிய கேக்கும்னு வெக்கப்படுது சார். தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திகினே இருந்துச்சு, ரெண்டு பக்கெட்டும் காலி. அதான் மெஷினைப் போட்டேன். அது வெளிய வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டேன், நீ இன்னா வேணா சொல்லிக்கோ."

ஷெட்டுக்குப் பின்னால் பெண்களுக்கென்று இருந்த கக்கூஸ் எனக்குத் தெரியும். தெரியும் என்றால், அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரியும். தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, குழாய் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் போர் பம்பிலிருந்து தூக்கி வர வேண்டும். இப்போது இரண்டு பெண்கள் அந்தக் கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றார்கள். இன்னொருத்தி பக்கெட்டோடு பம்புப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் கெட்டில் என் கண்முன் வந்தது. எத்தனை கோப்பை, எவ்வளவு இலை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கி நிமிர்ந்து பார்த்தால் ஷெட் வாசலில் தலைவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் முதலாளி.

மெஷின் ஏன் காலியாக ஓடுகிறது என்று தலைவர் கேட்டார். நம் தொழிலில் நிதானமாக யோசித்துப் பதில் சொல்ல நேரம் கிடைக்கிற கேள்விகளால் யாரும் கெட்டுப்போனதில்லை. இப்படி நிற்க வைத்துக் கேட்கிற கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் மானம் அவள் தலைவர் முன்னால் போகும். அதோடு அந்தத் தகரக் கதவையும் அவர் பார்ப்பார், தின்கிற குடிக்கிற சரக்கு வாங்க வந்தவர் அதைப் பார்த்தால் ஆர்டர் போகும். பொய் சொன்னால் நான் போவேன். மூன்றில் எது மலிவு என்று பார்த்தேன். நான்தான் மலிவாக இருந்தேன்.

நான்தான் போடச் சொன்னேன், சரக்கு கொட்டச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அப்படியானால் இப்போது நிறுத்துங்கள் என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தகரக் கதவு இன்னும் திறக்கவில்லை. "நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது" என்றேன்.

அது வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத மெஷின். முந்தின நாள்தான் முதலாளி அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, இந்த வட்டாரத்திலேயே இப்படி ஒரு மெஷின் கிடையாது என்று தலைவரிடம் சொல்லியிருந்தார். இப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. நான் வாயை மூடாமல், வோல்டேஜ், பெல்ட், மழைக்காலம், திருநெல்வேலிக் காற்று என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டே இருந்தேன். தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. அது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

கடைசியில் சயோகோ ஷெட்டின் பின்வாசல் வழியாக வந்தாள். கோமளா சட்டென்று சுவிட்சை அணைத்தாள். அணைத்தவள் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு கூடை சரக்கைக் கொட்டச் சொல்லி உடனே மறுபடி போட்டாள். மெஷின் முதல் தட்டிலேயே பூ மாதிரி ஓடியது. தலைவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரக்கு காயவைக்கிற களத்துப் பக்கம் நடந்தார். முதலாளி என் பக்கத்தில் வந்து, "சாயந்திரம் போறதுக்கு முன்னாடி என்னைப் பாத்துட்டுப் போங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனார்.

சயோகோ கை கழுவ பம்புக்குப் போனாள். நான் போய்க் கைப்பிடியை அடித்துக் கொடுத்தேன். அதைவிட உபயோகமாக எதுவும் அன்றைக்கு நான் செய்திருக்கவில்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, நேற்றைய டீயில் இலை இருந்ததா என்று கேட்டாள். ஆமாம், உயர்ந்த இலை, தண்டு கொடுக்க மனசு வரவில்லை என்றேன். அவள் பொறுமையாக விளக்கினாள். அவர்கள் நாட்டில் இலை என்றால் மருந்து, தண்டு என்றால்தான் உணவு. மூட்டையில் கொஞ்சம் இலை கலந்திருந்தாலும் துறைமுகத்தோடு திரும்பி வந்துவிடும்.

நீங்கள் மெஷினைப் பற்றிச் சொன்னதைக் கேட்டேன், என் தலைவர் இப்போது உங்களை மோசமான மேனேஜர் என்று நினைக்கிறார் என்றாள். அவர் நினைப்பது சரிதான் என்றேன். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்த முதல் நிஜமான சிரிப்பு அதுதான்.

அதற்குப் பிறகு அவள் பேசினாள். நான் பம்பு அடித்துக்கொண்டே கேட்டேன்.

"டீயின் தேசம் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். எங்கள் ஆபீசில் காலையில் ஆண்கள் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. எந்தக் கோப்பை யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர்களில் பலருக்கு என் முழுப்பெயர் தெரியாது. டீ என்றால் எனக்குக் கழுவ வேண்டிய கோப்பைகள்தான் ஞாபகம் வரும். எனக்கு டீ பிடிக்காது. நான் டப்பாவில் அடைத்து விற்கிற காபி குடிக்கிறவள்."

அப்படியானால் இந்த மூலிகை டீயை யார் குடிப்பார்கள் என்று கேட்டேன். நாங்கள்தான் என்றாள். ஆபீசில் கழிப்பறைக்குப் போனால் சத்தம் கேட்குமே என்று கூச்சம், தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டே இருப்போம், அதற்கும் கூச்சமாக இருந்தால் அடக்கிக்கொள்வோம். அப்புறம் வயிறு கெட்டுப்போகும். அப்புறம் ராத்திரி வீட்டில் தனியாக உட்கார்ந்து இந்த டீ. இளைப்பதற்குக் குடிக்கிறோம் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். ருசி யாருக்கு வேண்டும்? ஆனால் உங்கள் குடல் படம் போட்ட பெட்டியை ஒரு பெண்ணும் கடையில் கையால் தொட மாட்டாள். ஒரு பூப்படம் போடுங்கள், போதும்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எங்கள் பெண்களுக்கும் டீ பிடிக்காது என்றேன். அவள் கை உதறுவதை நிறுத்திவிட்டு, அந்தத் தகரக் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவர்களைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. இரண்டு வருஷமாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன், பாரிமுனை ஏஜென்டிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர்களை மட்டும் கேட்டதில்லை. நேரே லைனுக்குப் போய் கோமளாவைக் கேட்டேன். அவள் சலித்துக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னாள்.

"டீ புடிக்காதுன்னு ஆரு சார் சொன்னா? வூட்ல மூணு வேளையும் குடிக்கிறேன். இங்க குடிச்சா போவ வேணாமா? கதவைப் புடிக்க ஒருத்தி, தண்ணி தூக்க ஒருத்தி, ரெண்டு பேரு லைனை வுட்டு எழுந்தா நீதானே வந்து கத்துவ. காலைல வூட்ட வுட்டு கெளம்பினா பொழுது சாயற வரைக்கும் பச்சத் தண்ணிகூட வாயில வைக்கிறதில்ல. எல்லாரும் அப்படித்தான்."

வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் வயிற்றை இளக்குகிற மருந்தை மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுத்த பெண்களின் வயிறு என்ன பாடுபடுகிறது என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. நினைக்காததோடு விடாமல், அதற்கு ஒரு விளக்கம் வேறு கண்டுபிடித்து நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன்.

மதியம் ஆபீசில் கடைசிப் பேச்சு. இந்த முறை எல்லாருக்கும் நாற்காலி. தலைவர் நன்றி சொன்னார், ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றார், நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும். முதலாளிக்கும் தெரிந்துவிட்டது. மேஜை மேல் வைத்திருந்த கையை அவர் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக லைன் தெரிந்தது. தீபாவளிக்கு முன்னால் இவர்களிடம் யார் சொல்வது, நான்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கு வார்த்தைகளைக்கூட உள்ளுக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன்.

மரியாதைக்காகத் தலைவர் சயோகோவின் பக்கம் திரும்பி, நீயும் ஏதாவது சொல் என்கிற மாதிரி தலையசைத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் அவரும் எதிர்பார்த்திருப்பார். அவள் எழுந்து நின்றாள். தலைவர் மட்டும் கேட்டால் போதாது என்று நினைத்தாள் போல, நாங்களும் கேட்கும்படி இங்கிலீஷிலேயே பேசினாள்.

"இந்த டீயைக் குடிக்கப் போவது நான்தான், அதனால் சொல்கிறேன். இங்கே சல்லடை மெஷின் நன்றாக இருக்கிறது. இந்தப் பெண்களின் கை சுத்தமாகவும் வேகமாகவும் வேலை செய்கிறது. இரண்டு நிபந்தனைகள் வேண்டும். தண்டு மட்டும், ஒரு இலைகூடக் கூடாது. லைனுக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், உள்ளே குழாய், உள்ளே தாழ்ப்பாள், சுவர் கூரை வரைக்கும். உணவுப் பொருளைத் தொடுகிற கைகள். நம் நாட்டு ஆலையாக இருந்தால் இதைக் கேட்காமல் நாம் வாங்குவோமா?"

தலைவர் அவளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். உணவு, சுத்தம், கை என்று அவள் போட்ட முடிச்சை அவராலும் அவிழ்க்க முடியாது. இது சரியான கேள்வி என்றார். சிரிக்காமல் சொன்னார். பிறகு முதலாளியைப் பார்த்து, எவ்வளவு நாளில் கட்ட முடியும் என்று கேட்டார்.

பெண்கள் கக்கூஸ் விஷயத்தை, போய்ப் பார்க்காமலே, நான் ஒரே ஒருமுறை முதலாளியிடம் எடுத்திருக்கிறேன். அதுங்களுக்குப் பழகிப் போச்சு, விடுங்க என்றார், நானும் விட்டுவிட்டேன். அதே முதலாளி இப்போது, கொத்தனார் நாளைக்கே வருகிறார் என்று அடித்துச் சொன்னார். சாயந்திரம் போவதற்கு முன் என்னைப் பார்க்கச் சொன்னதை அவர் மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கார் கிளம்பும்போது லைன் பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். கோமளா ஒரு சொம்பில் மோர் கொண்டு வந்து, டம்ளரில் ஊற்றி சயோகோவிடம் நீட்டினாள். வயித்துக்கு நல்லது, குடி என்று சைகை செய்தாள். சயோகோ பாதி குடித்தாள். கோமளா சொம்பைச் சாய்த்து மறுபடி ஊற்றப் போனாள். சயோகோ டம்ளரைக் கையால் மூடினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

முதல் ஆர்டர் சின்னதுதான். ஆனால் தீபாவளிக்கு லைன் மூடவில்லை. பெட்டியில் ஆவாரம்பூ படம் போட்டார்கள். வாட்ச்மேனுக்கு வெந்நீர் போட அதற்குப் பிறகு விறகு வாங்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். யாருக்காவது ஒன்று பிடிக்காது என்று தோன்றினால், எழுதி வைப்பதற்கு முன்னால் அவர்களையே கேளுங்கள். கேட்பதற்கு எந்த மெஷினும் வேண்டாம், டிகிரியும் வேண்டாம். என்னிடம் டிகிரி இருந்தது, அதனால்தானோ என்னவோ கேட்காமல் இருந்தேன்.

புதுக் கக்கூஸ் திறந்த அன்று சாயந்திரம் பெண்கள் பக்கத்துக்கும் சேர்த்து டீ கொண்டுவரச் சொல்லியிருந்தேன். டீக்கடைக்காரர் வழக்கமான கேனைத்தான் தூக்கி வந்தார். அவருக்கும் நான் பாடம் நடத்தியிருந்தேனே. கேன் முதலில் லைனுக்குப் போயிற்று. ஷெட்டில் ஒரே சிரிப்பும் பேச்சும். கோமளாவின் குரல் ஆபீஸ் வரைக்கும் கேட்டது: "அண்ணே, இன்னும் ஒரு டம்ளர் ஊத்து. நிறைய ஊத்து."

கடைசியில் அவர் என் மேஜைக்கு வந்து, கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"பொம்பளைங்களுக்கு டீ புடிக்காதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அன்றைக்கு எனக்கு டீ கிடைக்கவில்லை.